ஒரு மாத விமானத்துக்கு எதற்கு நரை

பிளாஸ்டிக் கிட் வாங்கி மாதிரி விமானம் செய்கிறவர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கை சும்மா இருக்காது. வண்ணம் பூசியாயிற்று, எண்களும் நாட்டு அடையாள வட்டங்களும் ஒட்டியாயிற்று, அதோடு அலமாரியில் வைத்துவிடலாம். வைக்கமாட்டார்கள். வெள்ளி நிறத்தைப் பஞ்சில் தொட்டு, பெயிண்ட் உரிந்து உலோகம் தெரிகிற மாதிரி இறக்கையெங்கும் ஒற்றுவார்கள். தகடும் தகடும் சேரும் கோடுகளில் கறுப்பு மையை ஓடவிடுவார்கள். புகைக்கரி, எண்ணெய்க் கசிவு, சேறு, வெயிலில் வெளுத்த திட்டு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார்கள். இதற்கு வெதரிங் என்று பெயர். துரு, தூசி, புகை எல்லாம் தனித்தனிக் குப்பிகளில் விற்பனைக்கு உண்டு. அதைச் செய்துகாட்டும் காணொளிகளுக்குத்தான் கைதட்டலும் அதிகம்.

பசிபிக் தீவுகளில் பவளத் தூசியிலும் உப்புக் காற்றிலும் மாதக்கணக்கில் நின்ற விமானத்துக்கு இதெல்லாம் தகும். 1940 கோடையில் ஜெர்மானியரோடு நடந்த வான்போரில் தெற்கு இங்கிலாந்தில் பறந்த ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானத்துக்குத் தகாது என்பது என் கட்சி. அவற்றில் பல, பழசாவதற்கு முன்பே இல்லாமல் போய்விட்டன.

எக்ஸ் 4009 என்ற எண் கொண்ட ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் 234ஆம் அணியில் இருந்தது. ஓட்டியவர் பேட் ஹியூஸ், ஆஸ்திரேலியர். 1940 ஆகஸ்ட் 1 அன்று அவருக்குத் திருமணம். செப்டம்பர் 7, லண்டன்மீது ஜெர்மானியர்கள் முதல் பெரிய பகல் தாக்குதல் நடத்திய நாள். அன்று கென்ட் வானில் டோர்னியர் 17 குண்டுவீச்சு விமானம் ஒன்றைத் துரத்தி அடித்தபோது ஹியூஸின் விமானமும் விழுந்தது. அவருக்கு 22 வயது. திருமணமாகி ஐந்து வாரம். அவருடைய அணித்தலைவர் ஜோ ஓ'பிரையனும் அதே நாளில் இறந்தார். அந்த எக்ஸ் 4009 தொழிற்சாலையை விட்டு வெளியே வந்ததே அந்தக் கோடையில்தான். அதன் வயதை வாரக்கணக்கில்தான் சொல்ல வேண்டும். அதைச் செய்து, வெளுக்க வைத்து, துருவேற்றி வைத்தால் அது வேறு ஏதோ ஒரு விமானம்.

நான் செய்தது அதே அணியின் இன்னொரு விமானம்: எக்ஸ் 4036, பக்கவாட்டில் ஏ இசட், அப்புறம் டி என்ற எழுத்துகள். ஓட்டியவர் பாப் டோ. ஏன் இந்த அணி என்று கேட்டால், அதன் முழுப் பெயரில் பதில் இருக்கிறது. 234ஆம் அணிக்கு இன்னொரு பெயர் 'மெட்ராஸ் பிரசிடென்சி' அணி.

போர்க்காலத்தில் பிரிட்டனில் விமான உற்பத்திக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் பீவர்புரூக், மக்களிடம் ஸ்பிட்ஃபயர் நிதி திரட்டுவதை ஒரு இயக்கமாகவே ஆக்கினார். 5000 பவுண்டு கொடுத்தால் ஒரு ஸ்பிட்ஃபயர் உங்கள் பெயரில் என்று கணக்கு. உண்மையில் ஒரு விமானத்துக்கு ஆன செலவு அதைவிட அதிகம், அது வேறு விஷயம். பேரரசின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் பணம் போயிற்று. சென்னையில் மெட்ராஸ் மெயில் பத்திரிகை நிதி திரட்டியது. பெரிய தொகை கொடுத்த ஊர்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் அணிகளின் பெயரிலேயே இடம் கிடைத்தது. அப்படி 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைப் பெற்ற அணிகள் மூன்று: 79, 234, 264. முதலாவது ஹரிக்கேன் ஓட்டியது, இரண்டாவது ஸ்பிட்ஃபயர், மூன்றாவது டிஃபையன்ட்.

அந்தச் சமயத்து அரசியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியாவைக் கேட்காமலேயே போரில் இழுத்துவிட்டார்கள் என்று ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை 1939 அக்டோபரில் ராஜினாமா செய்திருந்தது. 1940 கடைசியில் தனிநபர் சத்தியாகிரகம் தொடங்கி, ராஜாஜி சிறைக்கும் போனார். ஒரு பக்கம் போருக்கு எதிராகப் பேசிச் சிறை சென்றவர்கள், இன்னொரு பக்கம் போருக்குப் பணம் கொடுத்தவர்கள், இரண்டு தரப்பும் ஒரே மாகாணம். பெயர் என்னவோ மாகாணம் மொத்தத்துக்கும்தான் போட்டார்கள்.

எனக்குச் சின்ன வருத்தம் ஒன்று உண்டு. மைசூர் பெயரைப் பெற்ற 129ஆம் அணியின் சின்னத்தில் கண்டபேருண்டம் என்ற இருதலைப் பறவை இருக்கிறது. ஹைதராபாத் பெயரைப் பெற்ற 152ஆம் அணியின் சின்னத்தில் நிஜாமின் தலைப்பாகை. பரோடா அணிக்கு ஒரு கீரிப்பிள்ளை. நம்முடைய 234க்கோ, வாயில் நெருப்புக் கக்கும் டிராகன். சரி, ஸ்பிட்ஃபயர் என்ற பெயருக்கு அது பொருத்தம்தான். ஆனால் மெட்ராஸைக் காணோம்.

கிட் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்துடையது, 1/72 அளவு. 1939இல் நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரியர் லண்டனில் தொடங்கிய கம்பெனி. ஆரம்பத்தில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகள், அப்புறம் சீப்புகள். 1953இல் அவர்கள் போட்ட முதல் விமானக் கிட்டே ஸ்பிட்ஃபயர்தான். பிற்காலத்தில் இவர்களுடைய கிட்கள் பல இந்தியாவிலேயே வார்க்கப்பட்டன. என் பெட்டியின் ஓரத்திலும் 'மேட் இன் இந்தியா' என்றுதான் இருக்கிறது. இங்கே வார்த்து, அங்கே போய், அங்கிருந்து கூரியரிலும் சுங்கவரியிலும் ஒரு பங்கு அழுது இங்கே திரும்பி வந்திருக்கிறது. 1940இல் பணம் போய்ப் பெயர் வந்த கதையின் மறுபதிப்பு.

1/72 என்பது விசித்திரமான எண்ணாகத் தோன்றும். ஆறு அடியை ஒரு அங்குலமாகச் சுருக்கினால் 72இல் ஒரு பங்கு. ஆறு அடி என்பது ஏறக்குறைய ஒரு மனிதன், ஆக ஓட்டுநர் ஒரு அங்குல உயரம். 11.23 மீட்டர் அகல இறக்கை இங்கே 15.6 சென்டிமீட்டர். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

இந்தச் சுருக்கக் கணக்குத்தான் வெதரிங் விஷயத்தில் எனக்குப் பெரிய ஆயுதம். கிட்டில் தகடுகளின் இணைப்புக் கோடுகள் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் அகலத்துக்குச் செதுக்கப்பட்டிருக்கும். அதை 72ஆல் பெருக்கிப் பாருங்கள், 18 மில்லிமீட்டர். நிஜ விமானத்தில் தகடுகளுக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் யார் அதில் ஏறுவார்கள்? அந்தக் கோட்டில் கறுப்பு மையை வேறு ஊற்றினால் அது இன்னும் அகலமாகத் தெரியும்.

அதிலும் ஸ்பிட்ஃபயரின் இறக்கை வழவழப்புக்குப் பேர் போனது. அதன் வடிவமைப்பாளர் ஆர்.ஜே. மிட்செல். 1936 மார்ச் 5 அன்று முதல் ஸ்பிட்ஃபயர் பறந்ததைப் பார்த்தார், அடுத்த வருடமே புற்றுநோயில் இறந்துபோனார், 42 வயதில். அவருடைய குழு இறக்கையை எவ்வளவு மெல்லியதாக்க முடியுமோ அவ்வளவு மெல்லியதாக்கியது. அதற்குள்ளேயே சக்கரமும் எட்டுத் துப்பாக்கிகளும் அடங்க வேண்டுமென்பதால்தான் அந்த நீள்வட்ட வடிவம். தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகள் எல்லாம் தகட்டோடு தகடாக அமுங்கியிருக்க வேண்டுமா, குமிழாக இருந்தால் என்ன நஷ்டம் என்று ஒரு சோதனை செய்தார்கள். உடைத்த பட்டாணிப் பருப்பை ஒவ்வொரு ரிவெட்டின் மேலும் பசை போட்டு ஒட்டிப் பறக்கவிட்டார்கள். வேகம் மணிக்கு 22 மைல்வரை குறைந்தது. அப்புறம் ஒவ்வொரு பகுதியாகப் பருப்பைச் சுரண்டி எடுத்து, எந்த இடத்தில் குமிழ் ரிவெட் இருந்தால் பாதகமில்லை என்று கண்டுபிடித்தார்கள். இப்படிப் பருப்பு ஒட்டிப் பார்த்துச் சீராக்கிய இறக்கையில் நாம் போய்ப் பள்ளம் பள்ளமாகக் கோடு போட்டுக் கறுப்படிக்கலாமா? நான் ப்ரைமரைக் கொஞ்சம் கெட்டியாகவே அடித்து, இறக்கையின் முன்விளிம்புக் கோடுகளைப் பாதி மூடிவிட்டேன்.

கட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சட்டத்திலிருந்து உறுப்புகளை நறுக்கி எடுப்பது, வெட்டிய இடத்தை உப்புத்தாளில் தேய்ப்பது, ஒட்டாமல் பொருத்திப் பார்ப்பது, பிறகு ஒட்டுவது. இதற்கான பசை நாம் நினைக்கிற பசை இல்லை. தண்ணீர் மாதிரி இருக்கும். இணைப்பில் தூரிகை நுனியை வைத்தால் தானாக உள்ளே ஓடி, இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். இடைவெளி இருந்தால் பட்டி பார்த்து, காய்ந்ததும் வாட்டர் பேப்பரில் தேய்க்க வேண்டும். ஸ்பிட்ஃபயரில் கவனிக்க வேண்டியது இறக்கையின் ஏற்றம். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு இறக்கையும் ஆறு பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அது கொஞ்சம் படுத்துவிட்டாலும் ஸ்பிட்ஃபயரின் களையே போய்விடும். அட்டையில் கோணம் வெட்டி முட்டுக்கொடுத்து உலரவிட்டேன்.

விமானத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. வலது இறக்கையின் கீழே அகலமான ரேடியேட்டர் பெட்டி, இடது இறக்கையின் கீழே ஒல்லியான எண்ணெய்க் குளிர்விப்பான். இவ்வளவு அழகான விமானம் அடியில் ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி. பின்னால் வந்த ஸ்பிட்ஃபயர்களில் இந்தக் கோணல் போய்விட்டது. எனக்கென்னவோ பழசுதான் பிடித்திருக்கிறது.

இந்தக் கட்டத்தில் ஒருநாள் அம்மா மேசைப் பக்கம் வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது பறக்குமாடா?"

"பறக்காதும்மா."

"சாவி கொடுத்தா ஓடுமா?"

"ஓடாது."

"அப்புறம் எதுக்குடா இவ்வளவு மெனக்கெடுற?"

பதில் சொல்லத் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

பெயிண்ட்தான் பாதி வேலை. சென்னையில் பெயிண்டைக் காற்றோடு தூவும் ஏர்பிரஷ் வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி காற்றின் ஈரம். லாக்கர் வகைப் பெயிண்டில் இருக்கும் தின்னர் படபடவென்று ஆவியாகும். ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்ந்துவிடும், காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து வெண்மையாகப் பூக்கும். இந்த அறிவியலை எனக்கு விளக்கியது புத்தகம் இல்லை, தெருமுனையில் டிங்கரிங் பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். தின்னர் வாங்க அவரிடம்தான் போவேன்.

"வானம் மூடியிருக்கிற அன்னைக்கு அடிக்காதீங்க சார். பெயிண்டு பூத்துடும். நாங்களே காருக்கு டூகோ அடிக்கிறதுன்னா வெயிலைப் பார்த்துத்தான் அடிப்போம்."

கையில் கொண்டுபோயிருந்த விமானத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். எந்த இடத்தில் பெயிண்ட் முதலில் போகும் என்று அவரிடம் கேட்டேன். முப்பது வருடமாகக் கார்களையும் லாரிகளையும் பார்த்தவர், யோசிக்கவே இல்லை.

"மூணு இடம் சார். கால் படுற இடம், கை படுற இடம், எண்ணெய் ஊத்துற இடம். மத்த இடத்துல போகணும்னா வருஷமாகும். இது எத்தனை வருஷத்து வண்டி?"

"ஒரு மாசம் இருக்கும் அண்ணே."

"ஒரு மாசத்து வண்டிக்கு என்ன சார் போகப்போகுது?"

இதைத்தான் நானும் பழைய புகைப்படங்களிலிருந்து தேற்றிக்கொண்டிருந்தேன். ஸ்பிட்ஃபயரில் ஏறும் கதவு இடது பக்கம் மட்டும்தான். அதனால் ஓட்டுநரின் பூட்ஸும் தரைப் பணியாளரின் பூட்ஸும் இடது இறக்கை உடம்போடு சேரும் இடத்தில்தான் படும். அங்கே தேய்மானம் நியாயம். வலது பக்கம் அவ்வளவு இராது. பெட்ரோல் ஊற்றும் மூடி முன்கண்ணாடிக்கு முன்னால் மூக்கின்மேல் இருக்கும். அதைச் சுற்றி ஒரு கறை நியாயம். ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் துப்பாக்கி அறைகளைத் திறந்து குண்டு நிரப்புவார்கள். துப்பாக்கி ஒன்றுக்கு 300 குண்டு, விசையை விடாமல் அழுத்தினால் ஏறக்குறைய 15 விநாடியில் தீர்ந்துவிடும். ஆகவே அந்த மூடிகளின் திருகுகளைச் சுற்றிச் சிறு கீறல்கள் நியாயம். இஞ்சின் மூடியின் விளிம்புகளும் அப்படித்தான். புகைபோக்கிக்குப் பின்னால் கொஞ்சம் சாம்பல் கலந்த பழுப்பு. முடிந்தது பட்டியல்.

இதில் இன்னொரு நுணுக்கம். அந்தக் காலத்து ஸ்பிட்ஃபயரில் வால் சுக்கான், கிடைவால் மடிப்பு, இறக்கை நுனியோரம் இருக்கும் அய்லிரான் என்ற அசையும் மடிப்பு ஆகியவற்றின்மேல் போர்த்தியிருந்தது துணி. துணிக்கு மேலே பூச்சு உரிந்தால் தெரியப்போவது துணிதான், அலுமினியம் இல்லை. கண்காட்சிகளில் பரிசு வாங்கிய மாதிரிகளிலேயே சுக்கானில் வெள்ளிக் கீறல் பார்த்திருக்கிறேன். துணியிலிருந்து வெள்ளி எப்படி வரும்?

மேற்பரப்பில் மண் பழுப்பும் கரும்பச்சையும் அலை அலையாகக் கலந்த உருமறைப்பு. மேலேயிருந்து பார்க்கிற எதிரிக்கு வயலும் வேலியும் கலந்த இங்கிலாந்தோடு விமானம் கரைந்துபோக வேண்டும். இந்த அலைகளும் ஓட்டுநரின் இஷ்டத்துக்குப் போட்டவை இல்லை. வரைபடமே உண்டு, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இரண்டு வடிவங்கள். இரண்டு நிறமும் சேரும் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இராமல் சற்றே மங்கலாக இருக்க வேண்டும், ஆனால் மிகச் சற்றே. நிஜத்தில் இரண்டு மூன்று அங்குலம் என்றால் இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர். ஏர்பிரஷை வெறுங்கையால் பிடித்து அந்தத் துல்லியம் எனக்கு வராது. சுவரில் படம் ஒட்டுகிற நீலப் பசையை முறுக்கு மாவு மாதிரி நீளமாக உருட்டி, அலையின் ஓரத்தில் படிய வைத்து, மீதியை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, நேர்மேலே இருந்து அடித்தேன். உருண்டையின் வளைவுக்கு அடியில் கொஞ்சமாகப் பெயிண்ட் புகுந்து அந்த ஒரு மில்லிமீட்டர் மங்கல் தானாக வந்துவிடுகிறது. டேப்பை உரிக்கிற அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் மீதி வாரங்களை நான் பொறுத்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம்.

நிறத்தை அப்படியே குப்பியிலிருந்து எடுத்து அடிப்பதா, வெள்ளை கலந்து சற்று வெளிறச் செய்வதா என்பதில் இந்தக் கூட்டத்தில் ஓயாத சண்டை உண்டு. மாதிரியை 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்ப்பது நிஜ விமானத்தை 21 மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். நடுவில் இருக்கும் காற்று நிறத்தை மங்கச் செய்யும், அதனால் மாதிரியிலும் மங்க வேண்டும் என்பது வாதம். 21 மீட்டர் தூரத்தில் நிற்கும் பேருந்தின் நிறம் எனக்கு ஒன்றும் மங்கலாகத் தெரிவதில்லை. ஆனால் சிறிய பொருளில் அடர்ந்த நிறம் கண்ணுக்குக் கனமாக விழுகிறது என்பது உண்மை. சில சொட்டு வெள்ளை சேர்த்தேன், அதற்கு மேல் போகவில்லை.

அடிப்பக்கம் தனிக் கதை. போர் தொடங்கிய சமயத்தில் பிரிட்டிஷ் சண்டை விமானங்களின் அடிவயிறு பாதி கறுப்பு, பாதி வெள்ளை. கீழேயிருந்து பார்க்கும் தங்கள் ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. 1940 ஜூனில் அதை மாற்றி, 'ஸ்கை' என்ற வெளிர்பச்சை சாயல் கொண்ட நிறத்துக்குப் போகச் சொன்னார்கள். உளவுப் படம் எடுக்கும் விமானங்களுக்காக சிட்னி காட்டன் என்பவர் உருவாக்கிய நிறத்திலிருந்து வந்தது அது. உத்தரவு வந்துவிட்டது, பெயிண்ட் வரவில்லை. கையில் இருந்த நீலத்தையும் மஞ்சளையும் வெள்ளையையும் கலந்து அந்தந்த விமானதளத்தில் தங்கள் கண்ணுக்குச் சரியென்று பட்டதை அடித்தார்கள். விளைவு, அந்தக் கோடையில் வாத்து முட்டை நீலத்திலிருந்து வெளிர்பச்சை வரைக்கும் எல்லா வயிறும் பறந்தது. இறக்கைக்கு அடியில் இருந்த வட்டங்களை ஜூனில் எடுக்கச் சொன்னார்கள், ஆகஸ்டில் மறுபடி போடச் சொன்னார்கள். இதனால்தான் 1940 ஸ்பிட்ஃபயர் செய்கிறவன் எந்த மாதம் என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. நான் எடுத்துக்கொண்டது செப்டம்பரின் முதல் வாரம். 234ஆம் அணி மிடில் வாலப் தளத்தில் இருந்த காலம். ஆக, அடியில் ஸ்கை, வட்டங்கள் உண்டு.

மாதம் முடிவாயிற்று. அடுத்த கேள்வி, சண்டைக்கு முன்பா, பின்பா? இறக்கையின் முன்விளிம்பில் எட்டுத் துப்பாக்கித் துளைகள் இருக்கின்றன. அழுக்கும் ஈரமும் போய், உயரத்தில் துப்பாக்கி உறைந்து சிக்கிக்கொள்ளாமல் இருக்க, அந்தத் துளைகளைச் சிவப்புத் துணி ஒட்டி மூடுவார்கள். முதல் குண்டு துணியைக் கிழித்துக்கொண்டு போகும். துணி முழுசாக இருந்தால் விமானம் இன்னும் சுடவில்லை, கிழிந்திருந்தால் சுட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறது. அதோடு இறக்கையின் அடியில் கறுப்புப் புகைக்கோடும் இருக்கும். முழுத் துணியையும் ஒட்டிவிட்டுப் பின்னால் புகைக்கோடும் போடும் மாதிரிகள் நிறைய உண்டு. நான் முழுத் துணியாகவே விட்டேன். சுடாத விமானம். புகையும் இல்லை.

எழுத்துகளும் வட்டங்களும் அச்சடித்த மெல்லிய படலமான டிகாலை ஒட்டுவதற்கு முன் பளபளக்கும் வார்னிஷ் ஒரு கோட் அடிக்க வேண்டும். சொரசொரப்பான மேட் பரப்பில் ஒட்டினால் மேடு பள்ளங்களில் காற்று சிக்கிக்கொண்டு, டிகாலின் ஓரம் வெள்ளியாக மின்னும். அப்புறம் எவ்வளவு பாடுபட்டாலும் அது ஸ்டிக்கர் மாதிரித்தான் தெரியும். வழவழப்பான பரப்பில் தண்ணீரோடு நகர்த்தி வைத்து, மென்மையாக்கும் திரவத்தை ஒரு தடவு தடவினால் டிகால் முதலில் சுருங்கும். பயந்து தொட்டுவிடக் கூடாது. தானே நீண்டு, கோடுகளுக்குள் படிந்து, பெயிண்டாகவே மாறிவிடும். பிறகு மேலே மேட் வார்னிஷ். ஏ இசட் டி. பக்கத்தில் மஞ்சள் வளையத்தோடு வட்டம். வாலுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எக்ஸ் 4036.

அந்த எழுத்துகளை ஒட்டும்போதுதான் பாப் டோவைப் பற்றி அதிகம் படித்தேன். 14 வயதில் பள்ளியை விட்டு, நியூஸ் ஆஃப் த வேர்ல்ட் பத்திரிகை அலுவலகத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தவர். விமானம் ஓட்டப் பயிற்சி பெற்றார். 1940 ஆகஸ்ட் 15, முதல் சண்டைக்குக் கிளம்பும்போது இந்த அணியிலேயே மோசமான ஓட்டுநர் நான்தான், இன்று திரும்பப்போவதில்லை என்று நம்பியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்று மெஸ்ஸர்ஷ்மிட் 110 என்ற ஜெர்மன் விமானம் இரண்டை வீழ்த்திவிட்டுத் திரும்பினார். 20 வயது. அந்தக் கோடை முடிவதற்குள் அவர் கணக்கில் 14 விமானங்கள். அணியில் அவரோடு தொடங்கியவர்களில் பலர் செப்டம்பர் நடுப்பகுதிக்குள் இல்லை. அவரும் அக்டோபரில் வேறொரு அணியின் ஹரிக்கேனில் அடிபட்டு, பாராசூட்டில் குதித்து, பிரவுன்சி என்ற தீவில் போய் விழுந்தார்.

இதை எல்லாம் படித்தபின் அந்த விமானத்தின்மேல் துருவைத் தடவ எனக்கு இன்னும் மனம் வரவில்லை. கடைசியில் நான் போட்ட வெதரிங் இவ்வளவுதான்: இடது இறக்கை மடியில் பூட்ஸ் தேய்ப்பு, பெட்ரோல் மூடியருகே ஒரு கறை, துப்பாக்கி மூடித் திருகுகளில் ஊசிமுனைக் கீறல், புகைபோக்கிக்குப் பின்னால் சாம்பல், டயரில் கொஞ்சம் புல்தரை மண். தெரிந்த மாதிரிக்காரர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இன்னும் முடிக்கலையா?" என்று கேட்டார். பட்டறை அண்ணன் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி ஷோரூம்லேர்ந்து வந்து ஒரு சர்வீஸ் முடிஞ்ச மாதிரி இருக்கு சார்" என்றார். அவர் சொன்னதை நான் எடுத்துக்கொண்டேன்.

பாப் டோவின் கதை அங்கே முடியவில்லை. 1943 கடைசியில் அவரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்திய விமானப்படையின் 10ஆம் அணியை உருவாக்கி, அதற்குத் தலைமை தாங்கி, பர்மாப் போரில் அரக்கான் பகுதியில் ஹரிக்கேன்களோடு சண்டையிட்டார். மெட்ராஸ் பணத்தில் பெயர் பெற்ற அணியில் பறந்தவர் இந்திய அணி ஒன்றின் முதல் தலைவரானார். 2010 வரை உயிரோடு இருந்தார்.

அந்த 10ஆம் அணியின் ஹரிக்கேன்தான் அடுத்தது. இறக்கையில் நான்கு பீரங்கிகள் வைத்த வகை. அங்கே இறக்கை வட்டங்களில் சிவப்பே கிடையாது, நீலமும் வெளிர்நீலமும் மட்டும். ஜப்பானியரின் சிவப்புச் சூரியன் என்று நினைத்துச் சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாதே என்று எடுத்துவிட்டார்கள். அரக்கானின் மழையும் சேறும் வெயிலும் அந்த விமானங்களைச் சும்மா விட்டிருக்காது. அதற்கு நான் தாராளமாகவே அழுக்கேற்றப் போகிறேன், துணி போர்த்திய பின்னுடம்பில் மட்டும் வெள்ளி கிடையாது. கிட் வந்துவிட்டது. 10ஆம் அணிக்கான டிகால்தான் எங்கும் கிடைக்கவில்லை, எழுத்துகளை நானே கத்தரித்து அடிக்க வேண்டியிருக்கும். ஐப்பசி மழை முடியட்டும் என்று காத்திருக்கிறேன்.